மூச்சுத் திணறும் எஞ்சின்

“வேலைக்குப் போய்த் திரும்பவே தினமும் நூறு கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோலை அதிகம் குடிக்காத சின்ன கார் வேண்டும். அதே நேரத்தில் ஓட்டுவதில் ஓர் உற்சாகமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காது என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்டிருப்பார் போலிருக்கிறது. மைலேஜ் வேண்டுமானால் சுறுசுறுப்பை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பது பலரும் சொல்லும் பேச்சு. இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. எடை குறைந்த உடலும் சிறிய எஞ்சினும் பெட்ரோலையும் மிச்சப்படுத்துகின்றன, ஓட்டும் சுகத்தையும் தருகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. சமதளச் சாலையில் சீரான வேகத்தில் ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு: காற்றின் தடை, டயர்களின் உருளல் தடை. ஆயிரம் கிலோ எடையுள்ள சின்ன கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால், காற்று சுமார் 200 நியூட்டன், டயர்கள் சுமார் 100 நியூட்டன், ஆக மொத்தம் 300 நியூட்டன் விசை எதிர்க்கும். அதை வெல்லத் தேவையான திறன் ஏழு கிலோவாட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒன்பது குதிரைத்திறன். எண்பது குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்படும் எஞ்சின், அலுவலகத்துக்குப் போகும் வழியில் பெரும்பாலான நேரம் செய்வது ஒன்பது குதிரைகளின் வேலைதான்.

இதே விசையோடு நூறு கிலோமீட்டர் போக ஆகும் ஆற்றல் 30 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருவது சுமார் 32 மெகாஜூல். அப்படியானால் நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போதுமே? போதாது. நல்ல சின்ன காரே நாலு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. வெப்பத்தை முழுவதுமாக வேலையாக மாற்ற எந்த எஞ்சினாலும் முடியாது. புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் பெரும்பங்கு வெளியேறியே தீரும். சரி, அதையும் கழித்துவிடுவோம். இன்றைய மிகச் சிறந்த பெட்ரோல் எஞ்சின்கள், தங்களுக்கு வாய்ப்பான சுழற்சி வேகத்திலும் சுமையிலும் ஓடும்போது, நூற்றுக்கு நாற்பது பங்கை வேலையாக மாற்றிவிடுகின்றன. அந்தக் கணக்கில் இரண்டரை லிட்டரில் பயணம் முடிந்திருக்க வேண்டும். மீதி ஒன்றரை, இரண்டு லிட்டர் எங்கே போகிறது? ஒரு பகுதியை எஞ்சினுக்குள் நடக்கும் உராய்வு தின்கிறது. இன்னொரு பகுதி போகிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்றுதான் தோன்றும். உண்மையில் நாம் திறப்பது காற்றின் பாதையை. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) ஒழுங்காக வேலை செய்யவும் இந்த விகிதம் பிசகக் கூடாது. ஆகவே பெட்ரோலைக் குறைக்க வேண்டுமானால் காற்றையும் கூடவே குறைத்தாக வேண்டும். இதற்காகக் காற்று நுழையும் குழாயில் வட்டமான ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதுதான் த்ராட்டில். நாம் காலை லேசாக வைத்திருக்கும்போது அது குழாயை ஏறக்குறைய மூடி, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு நிற்கும்.

இப்போது உள்ளே, சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் நிலைமையைப் பாருங்கள். உறிஞ்சும் வீச்சில் அது கீழே இறங்கிக் காற்றை இழுக்க வேண்டும். வழியோ அடைபட்டுக் கிடக்கிறது. ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தால் இந்தப் பாடு கைக்கே தெரியும். உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் இழுக்க வலு வேண்டியிருக்கிறது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று ‘உஸ்’ என்று நுழையும், இழுவை சட்டென்று லேசாகும். கட்டைவிரலின் வேலையைத்தான் த்ராட்டில் செய்கிறது. பிஸ்டனுக்கு மேலே அரை வளிமண்டல அழுத்தம், கீழே முழு வளிமண்டல அழுத்தம். இந்த வித்தியாசத்தை எதிர்த்து ஒவ்வொரு உறிஞ்சும் வீச்சிலும் எஞ்சின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. பெட்ரோலை எரித்து, அந்த ஆற்றலைக் கொண்டே தன் மூச்சை இழுத்துக்கொள்கிறது!

இது எவ்வளவு என்று கணக்கிடுவது எளிது. அழுத்த வித்தியாசத்தை, நொடிக்கு உறிஞ்சும் கன அளவால் பெருக்க வேண்டும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1000 லிட்டர், நொடிக்கு சுமார் 17 லிட்டர். மேலே சொன்ன ஒன்பது குதிரைத்திறனுக்கு அதன் உறிஞ்சுகுழாயில் அரை வளிமண்டல அழுத்தம் இருந்தால் போதும். இழப்பு 0.8 கிலோவாட்டை ஒட்டி வரும். அதே காரில், அதே வேகத்தில், இரண்டு லிட்டர் எஞ்சின் இருந்தால்? கன அளவு இரட்டிப்பாகிறது. அதோடு, வயிறு பெரிதானாலும் அதே அளவு உணவே தேவை என்பதால் த்ராட்டில் இன்னும் இறுக்கமாக மூட வேண்டியிருக்கிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது. இழப்பு 2.2 கிலோவாட்டைத் தொடுகிறது. சக்கரத்துக்குத் தேவை ஏழு கிலோவாட்டுக்கும் குறைவு. மூச்சிழுப்பதற்கே இரண்டு கிலோவாட்டுக்கு மேல். பெரிய எஞ்சின் நிதானமாக ஓடும்போது சொகுசாக இருப்பதாக நமக்குத் தோன்றும் அதே நேரத்தில், அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. சிறிய எஞ்சினோ வாயைத் தாராளமாகத் திறந்துகொண்டு வேலை செய்கிறது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பல புதிர்கள் தாமாகவே அவிழும். டீசல் கார்கள் ஏன் சிக்கனம்? டீசல் எஞ்சின் காற்றை அடைத்து வேலை செய்வதில்லை. முழு மூச்சை இழுத்துக்கொண்டு, தெளிக்கும் டீசலின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. உயர்ந்த கியரில் ஏன் மைலேஜ் கூடுகிறது? சுற்றுகள் குறைந்தால், அதே திறனைக் கொடுக்க ஒவ்வொரு வீச்சும் அதிகம் உழைக்க வேண்டும். அதற்காக த்ராட்டில் அகலத் திறந்தாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களின் எஞ்சின் ரகசியத்திலும் பாதி இதுதான். 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலப் பொறியாளர், கலவையை அமுக்கும் வீச்சைவிட, எரிந்த வாயு விரிந்து தள்ளும் வீச்சு நீளமாக இருக்கும் எஞ்சினை உருவாக்கினார். அவருடைய எஞ்சினில் இதற்காகச் சிக்கலான இணைப்புத் தண்டுகள் இருந்தன. 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் அதே பலனை வால்வுகளைக் கொண்டே சாதித்தது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உறிஞ்சு வால்வை மூடாமல் வைத்திருந்து, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவது. வாசலை அடைத்துக் காற்றைக் குறைக்காமல், தாராளமாக உள்ளே விட்டுப் பிறகு வேண்டாததைத் திருப்பி அனுப்பும் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஓட்டும் முறைக்கும் இதில் பாடம் இருக்கிறது. தயங்கித் தயங்கி, மிதியை நோகாமல் தொட்டு வேகமெடுப்பதுதான் சிக்கனம் என்பது பாதி உண்மையே. குறைந்த சுற்றில், மிதியை முக்கால் பங்கு அழுத்தி, விரைவாக அடுத்தடுத்த கியருக்குப் போய்விடுவது பல நேரங்களில் அதைவிட மேல். எஞ்சின் நன்றாக மூச்சுவிடும் நிலை அது. ஓட்டும் முறையால் வீணாவது பெரும்பாலும் பிரேக்கில்தான். ஆயிரம் கிலோ காரை 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 17 மில்லி லிட்டர் பெட்ரோல் ஆகிறது. ஒவ்வொரு முறை முழுதாக நிறுத்தும்போதும் அது பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடுகிறது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ என்றால் ஒன்றரை மடங்கு.

உற்சாகத்துக்கும் எடையே திறவுகோல். திருப்பத்தில் காரின் மூக்கு எவ்வளவு விரைவாக உங்கள் கைக்குக் கட்டுப்படுகிறது என்பதில்தான் ஓட்டும் சுகம் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒரு பொருள் திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு. அது எடையோடும் நீளத்தின் வர்க்கத்தோடும் கூடும். 3.8 மீட்டர் நீளமும் ஆயிரம் கிலோ எடையும் உள்ள காருக்கு அது, 4.5 மீட்டரும் 1500 கிலோவும் உள்ள காருடையதில் பாதிக்கும் குறைவு. எடை குறைந்தால் டயரின் பிடியும் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் எடை குறைந்த அதே விகிதத்தில் குறைவதில்லை. அதையெல்லாம் கழித்தாலும் குட்டையான கார்தான் முந்தித் திரும்பும். ஓட்டும் சுகத்துக்காகவே 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 எடையில் ஆயிரம் கிலோவைத் தாண்டவில்லை. சிக்கனத்துக்காகவே 1999இல் வந்த ஹோண்டா இன்சைட் அலுமினிய உடலோடும் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினோடும் 850 கிலோவை ஒட்டி நின்றது. நேரெதிர் நோக்கங்களுக்காக உழைத்த இரண்டு பொறியாளர் குழுக்களும் ஒவ்வொரு கிலோவாகத் துரத்தியிருக்கின்றன.

இன்னொன்று, சின்ன எஞ்சினை முழுதாகப் பயன்படுத்த முடியும். வேக வரம்புக்குள்ளேயே மூன்றாம் கியரில் அதன் கடைசித் துளி வலு வரை இழுத்துப் பார்க்கலாம். இருநூறு குதிரைத்திறன் எஞ்சினுக்கு அலுவலகச் சாலையில் அந்த வாய்ப்பே வராது.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று இன்றும் விற்கிறார்கள், படித்தவர்களே வாங்குகிறார்கள். பெட்ரோல் மூலக்கூறைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கும், அவ்வளவுதான். அதன் வேதிப்பிணைப்பில் எந்த மாற்றமும் நேராது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சூடான, பழுதில்லாத எஞ்சினில் பெட்ரோல் ஏற்கெனவே ஏறத்தாழ முழுவதும் எரிந்துவிடுகிறது. ‘நன்றாக எரியவைத்து’ மீட்க அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க சேமிப்பைத் தந்தவை அநேகமாக இல்லை.

உண்மையான சேமிப்பு டயர் ரப்பரில் நடந்தது, அதைக் கொண்டாடுவார்தான் இல்லை. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்பாமல் வெப்பமாகிறது. 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம், டயர் ரப்பரில் சேர்க்கும் கரித்தூளில் பெரும்பங்குக்குப் பதிலாக சிலிக்காவைக் கலந்து, ஈரச்சாலைப் பிடியை இழக்காமலே இந்த இழப்பைக் குறைத்தது. ரப்பர் வேதியியல், மசகெண்ணெய், எரிதல் போன்ற துறைகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கவர்ச்சியில்லாத இந்த ஆய்வுகளின் பலன் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் போய்ச்சேருகிறது.

சரி, எதை வாங்குவது? முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள். நின்று நின்று போகும் நெரிசல் பாதி வழிக்கு மேல் இருந்தால் ஹைபிரிட் தயக்கமின்றி வெல்லும். பிரேக்கில் போகும் ஆற்றலில் நல்ல பங்கை அது பேட்டரிக்குத் திருப்பிவிடும். வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி இருந்தால் சிறிய மின்கார் இன்னும் மேல். அதற்குத் த்ராட்டிலே கிடையாது. தடையில்லாத நீண்ட சாலை என்றால், ஆயிரம் கிலோவை ஒட்டிய, கையால் கியர் மாற்றும், ஒரு லிட்டர் முதல் 1.3 லிட்டர் வரையிலான எளிய பெட்ரோல் காரே என் தேர்வு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த சின்ன எஞ்சினும் நல்லதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து கடுமையாக விரட்டினால் சிலிண்டரைக் குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்க நேரும், அட்டவணையில் கண்ட மைலேஜ் கைக்கு வராது. உயரமான எஸ்யூவி வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், நெடுஞ்சாலையில் காற்றில் மோதும் அதன் பெரிய முன்பரப்பு ஒவ்வொரு நாளும் வரி வசூலிக்கும்.

சோதனை ஓட்டத்தில் வண்டியைச் சமதளத்தில் உச்ச கியரில் 80 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டி, சுற்றுமானியைப் பாருங்கள். முள் 2000ஐ ஒட்டி நின்றால் நல்ல சகுனம்; 3000ஐ நெருங்கினால் தினமும் இரைச்சலும் செலவும் உறுதி. பிறகு கியரை மாற்றாமலே மிதியை அழுத்துங்கள். நடுங்காமல், முனகாமல் வேகம் பிடித்தால் அந்த எஞ்சின் கீழ்ச்சுற்றிலேயே நன்றாக உழைக்கும் என்று அர்த்தம். திருப்பங்கள் உள்ள ஒரு சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் வழியாகச் சாலை உங்களிடம் பேச வேண்டும். ஒரே மாடலில் பெரிய அலங்காரச் சக்கரமும் சிறிய சக்கரமும் இருந்தால், சிறிய சக்கரத்தோடும் ஒடுங்கிய டயரோடும் வருவதையே எடுங்கள். சுழலும் எடை குறைவதால் வேகமெடுப்பு லேசாகும், தடித்த டயர்ச்சுவர் குழிகளின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், டயர் மாற்றும் செலவும் குறையும்.