ஓவர்கிளாக்கிங்: மிகைக்கடிகாரமா, துடிப்பேற்றமா?

உயர்வகை வரைகலை அட்டைகளில் விளையாட்டுகளை இன்னும் சரளமாக ஓடவைக்கும் வழிகளைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில், 'மிகைக்கடிகாரமாக்கம்' என்னும் சொல் அண்மைக் காலமாக அடிக்கடி தென்படுகிறது. ஓவர்கிளாக்கிங் என்பதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் முதலில் நின்ற பொருளை எடுத்து ஒட்டினால் கிடைப்பது இதுதான். ஆங்கிலச் சொல்லை முன்பே அறிந்தவருக்கு இது தேவையில்லை. அறியாதவருக்கு இதனால் ஒன்றும் விளங்காது. இரு சாராருக்கும் பயன்படாத ஒரு சொல் நிலைபெற்றுவிடுவதற்குள் அதை மறுத்து எழுதிவைப்பது நல்லது.

முதலில் பொருள். வரைகலைச் சில்லுக்குள் இருக்கும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் தம் விருப்பப்படி இயங்குவதில்லை. ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வை ஒரு சுற்று பன்மடங்காகப் பெருக்கி, ஏறியிறங்கும் மின்துடிப்பாகச் சில்லெங்கும் அனுப்புகிறது. துடிப்பு விழும்போதெல்லாம் கணக்கு ஒரு படி நகர்கிறது. வரைகலைச் சில்லு நிறுவனமான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு அடிப்படை வீதம் 2235 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 223.5 கோடி துடிப்பு) என்றும், அட்டை தானாக ஏறிச்செல்லும் பூஸ்ட் வீதம் 2520 மெகாஹெர்ட்ஸ் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளன. 2520 என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.397 நானோநொடி மட்டுமே உண்டு. சில்லின் மிக மெதுவான பாதையும் அதற்குள் தன் வேலையை முடித்தாக வேண்டும். வீதத்தை 2700 ஆக்கினால் அந்த இடைவெளி 0.370 நானோநொடியாகச் சுருங்குகிறது. முடிக்க இயலாத பாதை தவறான விடையைத் தரும்; திரையில் நிறப்பொட்டுகள் தோன்றும், உருவங்கள் கோணலாகக் கிழியும், சில வேளை அட்டையை இயக்கும் மென்பொருளான இயக்கி (டிரைவர்) உறைந்துபோகும். ஒரே வார்ப்பில் வந்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி சற்றுத் தாழ்வான வீதத்தையே உறுதியளிக்கிறார். அவ்வாறு விட்டுவைத்த இடைவெளியைப் பயன்படுத்தி, அறிவித்த வீதத்துக்கு மேல் சில்லை இயக்குவதே ஓவர்கிளாக்கிங்.

சொல்லின் பிறப்பு நீண்ட கதையன்று. ஆங்கிலத்தின் 'கிளாக்' மணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மணியடித்து நேரம் உணர்த்திய கருவிக்கு மணியின் பெயரே நின்றுவிட்டது. பின்னர் மின்னணுவியலில் சீரான துடிப்பைத் தரும் சுற்றுக்கும் அப்பெயர் சென்றது. கணினி ஆர்வலரிடையே ஓவர்கிளாக்கிங் பெரிதும் பேசப்பட்டது 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ காலத்தில். செயலியையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் பாட்டையின் (பஸ்) வீதத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. தமிழ்க் கடிகாரமோ கடிகையோடு உறவுடையது. கடிகை என்றால் நாழிகை, அதாவது 24 நிமிடம். ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது மணியின் அடி. தமிழ்ச் சொல்லின் அடியில் இருப்பது கால அளவு. மின்னணுவியலுக்குச் சென்றது முன்னதே ஒழியப் பின்னது அன்று.

மிகைக்கடிகாரமாக்கம் சறுக்குவதும் இங்கேதான். கடிகாரம் நேரம் காட்டும் கருவி என்பதைத் தவிரத் தமிழ் வாசகருக்கு வேறு பொருள் தோன்றாது. அட்டைக்குள் நேரம் காட்டும் எதையும் நாம் தொடவில்லை. வேறொன்றைக் கடிகாரமாக ஆக்கவும் இல்லை. 'ஆக்கம்' என்ற ஈறு ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதைச் சொல்லும். தனியார்மயமாக்கம் என்றால் தனியார்வசம் ஆவது, கணினிமயமாக்கம் என்றால் கணினிவழிக்கு மாறுவது. அப்படியானால் மிகைக்கடிகாரமாக்கம் முடிந்தபின் நம் கையில் இருக்க வேண்டியது ஒரு மிகைக்கடிகாரம். அது எது என்று கேட்டால் சொல்லைப் படைத்தவரிடமும் விடை இருக்காது.

'மிகை' இன்னொரு தொல்லை. மின்பொறியியல் தமிழில் அந்த முன்னொட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது: மிகைச்சுமை, மிகை மின்னோட்டம், மிகை மின்னழுத்தம் ஆகிய மூன்றும் பழுதைக் குறிப்பவை, காப்புக் கருவி குறுக்கிட்டுத் துண்டிக்க வேண்டிய நிலையைக் குறிப்பவை. ஓவர்கிளாக் செய்பவரின் வேலை இதற்கு நேர்மாறானது. அவர் 15 அல்லது 25 மெகாஹெர்ட்ஸ் என்று படிப்படியாக ஏற்றி, சோதனை ஓட்டத்தில் பிழை தோன்றும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து ஒரு படி இறங்கி நிற்கிறார். எல்லையைக் கண்டறிந்து உள்ளே நிற்கும் செயலுக்கு, எல்லை மீறலைக் குறிக்கும் முன்னொட்டு எதற்கு? இதே பணியில் சிலர் மின்னழுத்தத்தையும் சிறிது உயர்த்துவர். அதை 'மிகை மின்னழுத்தம்' என்று எழுதினால், படிக்கும் பொறியாளர் அட்டை எரிந்துவிட்டது என்றே நினைப்பார்.

இச்சொல்லை ஆதரிப்பவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள்: 'ஓவர்' என்ற முன்னொட்டுக்கு எங்கும் மிகை என்றே இட்டால் கலைச்சொற்கள் சீராக இருக்கும். எனக்கு இது சீராகத் தோன்றவில்லை, சோம்பலாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ஒரே முன்னொட்டு 'மேல்', 'அளவு மீறி', 'கடந்து', 'மறுபடி' என்று பலவற்றைச் சுமக்கிறது. ஆங்கிலத்தின் மயக்கத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைச் சீர்மை என்று எப்படிச் சொல்வது?

சிலர் வேகக்கூட்டல் என்கிறார்கள், சிலர் முடுக்கம் என்கிறார்கள். முடுக்கம் இயற்பியலில் திசைவேகம் மாறும் வீதம். கணினியியலிலோ வன்பொருள் முடுக்கம் என்று வேறொரு வேலையில் அமர்ந்திருக்கிறது. வேகக்கூட்டல் இதைவிட எளிமையானது, ஆயினும் அது பூஸ்டையும் ஓவர்கிளாக்கையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 அட்டையோடு என்விடியா கொண்டுவந்த பூஸ்ட் முறையில், வெப்பமும் மின்திறனும் இடம் தரும்வரை அட்டை தானாகவே வீதத்தை உயர்த்திக்கொள்கிறது. அது தயாரிப்பாளர் வகுத்த நடத்தை. பயனர் ஏற்றுவது அதற்கும் மேலே. இரண்டையும் வேகக்கூட்டல் என்று எழுதிய ஒரு கட்டுரையில், 'வேகக்கூட்டல் தானாகவே நிகழும், ஆனால் வேகக்கூட்டல் செய்தால் உத்தரவாதம் போகலாம்' என்ற வகையில் ஒரு வாக்கியத்தைக் கண்டேன்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓவர்கிளாக் செய்த அட்டையில் தோன்றும், ஆங்கிலத்தில் ஆர்டிஃபாக்ட் எனப்படும் காட்சிப் பிழைகள் தமிழில் 'கலைப்பொருட்கள்' ஆகியிருக்கின்றன. 'பவர் லிமிட்' எனப்படும் மின்திறன் வரம்பு 'அதிகார வரம்பு' ஆகிவிட்டது. இயக்கி உறைந்தால் 'ஓட்டுநர் பதிலளிக்கவில்லை' என்கிறார்கள், ஏதோ வண்டி நடுவழியில் நின்றுவிட்டதுபோல. இவற்றைப் பொறி மொழிபெயர்த்தது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அதன்கீழ்ப் பெயர் இட்டு வெளியிடும் மனிதர் ஒருமுறை படித்துப்பார்த்திருந்தால் விளையாட்டு அட்டையில் கலைப்பொருள் எப்படி வந்தது என்று கேட்டிருப்பார். தவறான பொருளை ஊட்டும் தமிழ்ச்சொல்லைவிட 'ஓவர்கிளாக் செய்தேன்' என்னும் பேச்சு வழக்கு எவ்வளவோ மேல். தூய்மை எனக்கு இரண்டாவதுதான், தெளிவு முதலில்.

ஆயினும் தெளிவும் தமிழும் சேர்ந்தே கிடைக்கும்போது கடன்சொல்லோடு நிற்க வேண்டியதில்லை. என் பரிந்துரை துடிப்பேற்றம். தமிழில் விலையேற்றம் என்கிறோம்: விலை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது மேலே செல்கிறது, எதிர்ச்சொல் விலையிறக்கம். துடிப்பேற்றமும் அப்படியே. துடிப்பு வீதம் ஒன்று முன்பே உண்டு, அதை ஏற்றுகிறோம். தாழ்த்தி ஓட்டுவது துடிப்பிறக்கம். மெருகேற்று, சூடேற்று, மின்னேற்று என்ற வரிசையில் 'துடிப்பேற்று' என்னும் வினையும் இயல்பாக அமர்கிறது. துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய அட்டை, துடிப்பேற்றாமல் விட்டேன் என்று எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். 'மிகைக்கடிகாரமாக்காமல் விட்டேன்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள்.

துடிப்பு மருத்துவச் சொல்லாயிற்றே என்ற மறுப்பு வரும். இதயத்துக்கும் சில்லுக்கும் குழப்பம் வரும் வாக்கியத்தை நான் இதுவரை காணவில்லை. இரண்டிலும் பொருள் ஒன்றுதான்: சீராக மீண்டும் மீண்டும் விழும் அடி. அலைவெண்ணேற்றம் என்றும் சொல்லலாம், பொருளில் பிழையில்லை. ஆனால் வானொலி அலையும் ஒலியலையும் அங்கே நினைவுக்கு வரும்.

துணைச் சொற்களும் சிக்கலின்றி வருகின்றன. சில்லின் கருவின் (கோர்) வீதத்தை ஏற்றினால் கருத்துடிப்பேற்றம் என்று எழுதாதீர்கள், அதுதான் உண்மையில் மருத்துவமனைக்குப் போய்விடும். மையத் துடிப்பேற்றம் போதும். நினைவகத்தை ஏற்றினால் நினைவகத் துடிப்பேற்றம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: ஜிடிடிஆர்6எக்ஸ் என்னும் வகை வரைகலை நினைவகம் பிழையைக் கண்டால் தரவை மீண்டும் அனுப்பிக்கொள்வதால், அளவுக்கு மேல் ஏற்றும்போது அட்டை உறையாமல் நொடிக்கு வரையப்படும் படங்களின் (பிரேம்) எண்ணிக்கை மட்டும் குறையத் தொடங்கும். மின்னழுத்தத்தைத் தாழ்த்தி அதே வீதத்தில் ஓட்டுவதை அழுத்தவிறக்கம் எனலாம். உயர்வகை அட்டைகளில் பலர் இன்று இதையே விரும்புகிறார்கள். காரணம், டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும்போது செலவாகும் மாறுநிலை மின்திறன் துடிப்பு வீதத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. 2520-இலிருந்து 2700-க்குச் செல்லும்போது மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் கூட்ட வேண்டி வந்தால், 7 சதவீத வீத ஏற்றத்துக்கு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் மின்திறன் செலவாகும். விளையாட்டில் பிரேம் எண்ணிக்கை அந்த 7 சதவீதமாவது ஏறும் என்பதற்கு உறுதி இல்லை.

எஞ்சுவது, அட்டை தயாரிக்கும் நிறுவனமே சில்லு நிறுவனத்தின் அளவுக்கு மேல் வீதத்தை வைத்து உத்தரவாதத்தோடு விற்கும் வகை. அதை ஆலைத் துடிப்பேற்றம் எனலாம், உள்ளபடியே அதுதான் நடக்கிறது. 'மிகை' அணியினர் இதற்கு 'தொழிற்சாலை மிகைக்கடிகாரம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் சங்கு ஊதும் நேரம் தவறிப்போன ஆலை ஒன்றைத்தான் கற்பனை செய்வார்.