கிளினிக் கொப்பியில் உள்ளதைக் கடிதமாக்கிக்கொண்டு போங்கள்

பிரித்தானியாவுக்குப் படிக்க விசா கிடைத்ததும் மனநலக் குளிசையை நிறுத்திவிடும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். "மனநோய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவான்" என்ற பயம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவுக்கு நம்மிடம் கேட்பது காசநோய்ச் சான்று. மனநல மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சேர்ட்ரலின், வென்லாஃபக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென விட்டால் சில நாட்களிலேயே தலைச்சுற்று, நித்திரையின்மை, மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். புது ஊர்க் குளிர் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே கிளினிக்கில் சொல்லுங்கள். கொப்பியில் உள்ள கையெழுத்தை அங்கே வாசிக்க முடியாது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் எடுங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், நோய், கண்டறிந்த ஆண்டு, மருந்தின் பெயர் (கம்பனிப் பெயர் போதாது), அளவு, கொண்டுபோகும் மொத்தக் குளிசை, பயணத் திகதி. ஏடிஎச்டிக்கான (கவனம் நிலைக்காமல் துருதுருவென இருக்கும் நிலை) மெத்தில்ஃபெனிடேட் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மூன்று மாதத்துக்கோ அதற்கு மேலோ தேவையான அளவைக் கொண்டுபோனால் தனி அனுமதிப்பத்திரம் தேவை. ஜப்பானுக்கோ அடரல் போன்ற அம்ஃபெட்டமின் மருந்தை, வைத்தியரின் துண்டு இருந்தாலும், கொண்டுபோகவே கூடாது.

விசாவோடு வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். இறங்கிய முதல் கிழமையே ஜிபியிடம் (குடும்ப வைத்தியர்) பதியுங்கள். ஏடிஎச்டியைப் புதிதாகப் பரிசோதிக்க அங்கே பல இடங்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் அம்மா எழுப்புவார், டியூஷன் நேரத்தைப் பிடித்து நாள் ஓடும். முதுமாணிப் படிப்பில் வகுப்பு கொஞ்சம், மீதி நேரமெல்லாம் உங்கள் பொறுப்பு. அந்தக் கொழுகொம்பு போனதும் ஏடிஎச்டி, ஓட்டிசம் உள்ள பலர் தடுமாறுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் டிசெபிலிட்டி (மாற்றுத்திறனாளி மாணவர் உதவி) பிரிவுக்குக் கடிதத்தைக் கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம், தனி அறை, ஒப்படைக்குத் தவணை கேட்கலாம். 2010 சமத்துவச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். முதல் மாதத்திலேயே கேளுங்கள். பெயிலான பிறகு கேட்டால் முடிவை மாற்றுவது கடினம்.

இருதுருவ நோய் (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர் இரவு வேலைக்குப் போகவே வேண்டாம். நித்திரை குழம்பினால் நோய் கிளம்பும். அதற்கு லித்தியம் மருந்து எடுப்பவர் காய்ச்சலுக்குச் சூப்பர்மார்க்கெட்டில் ஐபுப்ரோஃபென் வாங்கக் கூடாது. சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து, இரத்தத்தில் நஞ்சாகக் கூடும். பரசிட்டமோல் போதும்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்தென்றால் 999.