ஃபிரிட்ஜ் ஆலையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை மாதாமாதம் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கும் கணக்குகளில் ஒன்று, ஒரு தொழிலாளி வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்பது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு செய்யும் ஆலைகளும் அதில் உண்டு. கணக்கு ரொம்ப எளிது. மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் கூலி கொடுத்த மொத்த மணி நேரத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கவனிக்கவும், உழைத்த நேரம் இல்லை, கூலி கொடுத்த நேரம். சம்பளத்தோடு லீவில் இருந்தவரின் மணிகளும் உள்ளே வந்துவிடும்.

இந்த எண் ஏன் ஆடுகிறது? ஆயிரம் பேர் 40 மணி நேரம் வேலை பார்க்கும் ஒரு ஆலைக்கு ஆர்டர் 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேரைப் புதிதாக எடுக்கலாம், இல்லையென்றால் இருக்கிறவர்களையே ஆளுக்கு 2 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கச் சொல்லலாம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றாலும் முதலாளி முதலில் அதைத்தான் தேர்ந்தெடுப்பார், ஏனென்றால் புது ஆளுக்குப் பயிற்சி தரவேண்டும், அங்கே மருத்துவக் காப்பீட்டுச் செலவு மணிக்கணக்கில் இல்லாமல் தலைக்கணக்கில் வரும், அதற்கு மேல் அடுத்த மாதமே ஆர்டர் படுத்துவிட்டால் எடுத்த ஆளை வீட்டுக்கு அனுப்பும் தலைவலி வேறு. சரிவு வரும்போதும் இதே கதைதான்: முதலில் ஓவர்டைம் போகும், அப்புறம் ஷிப்ட் குறையும், கடைசியில்தான் லே-ஆஃப். அதனால்தான் ஆலைத் தொழிலாளரின் வாராந்தர மணிகளை, பொருளாதாரம் போகும் திசையை முன்கூட்டிச் சொல்லும் குறியீடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுச் சாதனத் தொழிலில் இந்த ஆட்டம் சற்று அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு. ஓடுகிற பழைய ஃபிரிட்ஜை மாற்றுவதை யாரும் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், புது வீடு கட்டுவது குறைந்தால் புது அடுப்பும் விற்காது.

மாதக் கணக்கை விட்டுப் பல பத்தாண்டுகளைப் பார்த்தால் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், 40-ஐச் சுற்றியே. காரணம் சட்டம். 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தர நிர்ணயச் சட்டம் முதலில் 44 மணி என்று வரம்பு வைத்து, அடுத்து 42 ஆக்கி, 1940-ல் 40-க்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. அதற்குப் பிறகு அந்த வரம்பு நகரவே இல்லை.

எனக்கு இதில்தான் உறுத்தல். இத்தனை வருஷத்தில் இயந்திரங்கள் எவ்வளவோ வேகமாகிவிட்டன, அந்த லாபம் குறைந்த வேலை நேரமாகத் தொழிலாளிக்கு வரவில்லை, குறைந்தது ஆட்கள்தான். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் 1950-களில் தொடங்கிய அப்ளையன்ஸ் பார்க் என்ற வீட்டுச் சாதன ஆலை வளாகத்தில் 1970-களின் தொடக்கத்தில் 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், 2011 வாக்கில் மணிக்கூலித் தொழிலாளர்கள் 2 ஆயிரத்துக்கும் கீழே. இயந்திரம் மட்டும் காரணமில்லை, வேலையின் பெரும்பகுதி மெக்சிகோவுக்கும் ஆசியாவுக்கும் போய்விட்டது. சராசரி மணியில் இது எதுவும் தெரியாது, வேலை போனவர் வகுக்கும் எண்ணிலிருந்தே காணாமல் போய்விடுகிறாரே.