குத்தியவரின் மனதைக் காயத்தில் படிப்பது எப்படி?

ஒருவர் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடிக்கிறார். அவர் விழுந்து அசைவில்லாமல் கிடக்கிறார். செத்துவிட்டார் என்று நினைத்த கணவர், அவரே தூக்கு மாட்டிக்கொண்டதாக ஊர் நம்பட்டும் என்று கயிற்றில் தொங்கவிடுகிறார். ஆனால் உயிர் போனது அடியால் இல்லை, கயிறு கழுத்தை இறுக்கியதால்தான் என்று மருத்துவச் சாட்சியம் சொன்னது. 1919இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பழனிக் கவுண்டன் வழக்கு இது. கொலை இல்லை என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றத்துக்குத்தான் தண்டனை கிடைத்தது.

முதல் முறை படிக்கும் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். கொதிக்கத்தான் வேண்டும், ஒரு பெண் அவர் கையால்தான் செத்திருக்கிறார். ஆனால் நீதிபதிகளின் கணக்கைப் பாருங்கள். அடித்தபோது கொல்லும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. கயிற்றில் மாட்டியபோதோ, அவர் நினைப்பில் அது உயிரில்லாத உடம்பு, அதைக் கொல்ல வேண்டும் என்று யாரும் எண்ண முடியாது. ஆக, உயிரைப் பறித்த செயலும் உயிரைப் பறிக்கும் எண்ணமும் எந்த நிமிஷத்திலும் ஒன்றாகச் சேரவே இல்லை.

இதே நீதிமன்றத்துக்கு 1943இல் தவமணி வழக்கு வந்தது. ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணத்தோடு தாக்கி, இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. இதில் நீதிமன்றம் தயங்கவில்லை, கொலை என்றே சொன்னது. காரணம், எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது, தாக்கியதும் கிணற்றில் போட்டதும் ஒரே செயலின் இரண்டு பாகங்கள். இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டம் எதைத் தேடுகிறது என்பது பளிச்சென்று புரியும்.

சரி, மனதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்க முடியாது. அதனால் நீதிமன்றம் வெளியே தெரிவதைப் பிடித்துக்கொள்கிறது: என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், எவ்வளவு வேகம், எத்தனை முறை, கையோடு கொண்டுவந்ததா அங்கே கிடந்ததை எடுத்ததா, முன்பகை உண்டா, அடித்த பிறகு ஓடினாரா இல்லை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாரா.

1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் இதை இரண்டு அடுக்காக வைத்தது. 299ஆம் பிரிவு குற்றமாகும் மரணத்தை விளைவிப்பது, 300ஆம் பிரிவு அதற்குள்ளே இன்னும் கடுமையான வகையான கொலை. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 100, 101 ஆகிவிட்டன. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 என்று நாம் பழகிய எண் இப்போது 103(1), கொலை அளவுக்குப் போகாத குற்றமாகும் மரணத்துக்குத் தண்டனை சொல்லும் 304 என்பது 105. எண்கள் மாறின, அடிப்படை அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சாவு எவ்வளவு நிச்சயம் என்பதன் அளவுதான். 'சாவு வரக்கூடும்' என்ற அளவில் நின்றால் 299, 'இயற்கையான போக்கில் சாவு வருவதற்குப் போதுமானது' என்றால் 300. யார் சாகிறார்கள் என்பது முக்கியமே இல்லாத இடமும் உண்டு. கூட்டத்தைப் பார்த்துக் காரணமில்லாமல் பீரங்கியைச் சுட்டால், குறிப்பிட்ட யாரையும் கொல்ல நினைக்காவிட்டாலும் கொலைதான் என்று சட்டமே உதாரணம் தருகிறது.

இதில் எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு 1958இல் உச்ச நீதிமன்றம் தந்த வீர்சா சிங் வழக்கு. பஞ்சாபில் ஒருவர் வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே வந்தது, குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். "ஒரே குத்துதான், சாகும் அளவுக்குக் காயப்படுத்த அவர் எண்ணவில்லையே" என்பது குத்தியவர் தரப்பு வாதம். நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. காயம் இருக்கிறதா, அது எப்படிப்பட்டது, அந்தக் காயத்தைத்தான் உண்டாக்க எண்ணினாரா இல்லை கை தவறிப் பட்டதா, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். அப்புறம், அந்தக் காயம் சாவுக்குப் போதுமானதா என்பது தனிக் கேள்வி, அதற்கும் குத்தியவரின் எண்ணத்துக்கும் சம்பந்தம் இல்லை. வயிற்றில் ஈட்டியை ஆழமாக இறக்க எண்ணினால் போதும், அதனால் சாவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மனதுக்குள் இருப்பதை நிரூபிக்கும் பாரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதியை மருத்துவ அறிவின் கையில் கொடுத்த தீர்ப்பு இது. ரொம்பத் தெளிவான சிந்தனை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

கொலைக்கான எல்லாம் பொருந்தியும் அதைக் கீழே இறக்கும் விதிவிலக்குகள் உண்டு. திடீர்ச் சண்டை ஒன்று, கடுமையான திடீர் ஆத்திரமூட்டல் இன்னொன்று. இரண்டாவதில் உயிர்நாடி 'திடீர்' என்ற சொல்தான். 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில், கடற்படை அதிகாரி தன் மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு இருப்பதை அவர் வாயாலேயே கேட்டார். பிறகு குடும்பத்தைச் சினிமா தியேட்டரில் விட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, அந்த மனிதரின் வீடு தேடிப் போய்ச் சுட்டார். ஜூரி விடுவிக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டித்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது: ஏறத்தாழ 3 மணி நேரம் இருந்தது, ஆத்திரம் அடங்கி யோசிக்க அது போதும். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணை வாரக்கணக்கில் திட்டமிட்டுத் தேடிப் பிடித்துக் கொல்பவர்களுக்காக "மானம் போன ஆத்திரத்தில் செய்துவிட்டார்கள்" என்று பரிந்து பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் இந்த 3 மணி நேரம்தான் எனக்கு ஞாபகம் வரும். திட்டம் போட நேரம் இருந்தவருக்கு இந்த விதிவிலக்கில் இடமே கிடையாது.

கொலை 304 ஆக இறங்கும்போதும் அது ஒரே தண்டனை இல்லை. எண்ணத்தோடு செய்திருந்தால் முதல் பகுதி, ஆயுள் வரை போகலாம். சாவு வரக்கூடும் என்று தெரிந்தே, ஆனால் எண்ணமில்லாமல் செய்திருந்தால் கோர்ட்டில் 'பார்ட் டூ' என்பார்கள், அதிகபட்சம் 10 ஆண்டு. அலட்சியத்தால் வரும் சாவு இதிலெல்லாம் சேராது, அதற்குப் பழைய 304ஏ, இப்போதைய 106.

"நல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார், அதனால் என் கட்சிக்காரர் பொறுப்பில்லை" என்ற வாதமும் அடிக்கடி எழும். 299க்கு உள்ள இரண்டாவது விளக்கம் அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் சாவைத் தவிர்த்திருக்கலாம் என்றாலும், காயப்படுத்தியவரே சாவுக்குக் காரணம். மாறாக, அதே குத்து வாங்கியவரைச் சர்ஜன் காப்பாற்றிவிட்டால் வழக்கு கொலை முயற்சியாக நின்றுவிடும், பழைய 307, இப்போது 109.

இவ்வளவும் கடைசியில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அரசு வக்கீல் கேட்கும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "இந்தக் காயம் இயற்கையான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதா?" அதைக் கேட்காமல் விட்டாலும் காயத்தின் ஆழத்தையும் சேதமான உறுப்பையும் வைத்து நீதிபதி தானே முடிவுக்கு வரலாம். ஆனால் காயத்தின் நீள அகலத்தை மட்டும் எழுதி, ஆழத்தையும் உள்ளே எது கிழிந்தது என்பதையும் எழுதாமல் விட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு அவரால் அதிகம் செய்ய முடியாது. இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த இரண்டு வரிதான் 103க்கும் 105க்கும் நடுவில் இருக்கிறது.