இரண்டு மவுஸ், ஒரே கர்சர்

ஒரு கணினியில் இரண்டு மவுஸ்களைச் செருகி, ஒன்றை வலப்பக்கமும் மற்றொன்றை இடப்பக்கமும் ஒரே வேகத்தில் நகர்த்திப் பாருங்கள். கர்சர் எந்தப் பக்கமும் போகாமல் நின்ற இடத்திலேயே தத்தளிக்கும். இரண்டு மவுஸும் ஒழுங்காக வேலை செய்வதால்தான் இப்படி.

கர்சர் திரையில் எங்கே நிற்கிறது என்பது மவுஸுக்குத் தெரியாது. எளிய யூஎஸ்பி மவுஸ் ஒரு தடவைக்கு அனுப்புவது 3 பைட்டுகள்தான்: எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது, மேலும் கீழும் எவ்வளவு நகர்ந்தது. கணினி இதை நொடிக்குச் சுமார் 125 முறை கேட்டு வாங்குகிறது. ஒரு மவுஸ் வலப்பக்கம் 5 என்கிறது, இன்னொன்று இடப்பக்கம் 5 என்கிறது. இயங்குதளம் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும். விடை பூஜ்யம்.

எந்தத் தகவல் எந்த மவுஸிலிருந்து வந்தது என்பது கணினிக்கு நன்றாகவே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே 'ரா இன்புட்' என்ற வசதி வழியாக மென்பொருள்கள் அதைத் தனித்தனியாகக் கேட்டுப் பெறலாம். ஒரே கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்கார்ந்து, ஆளுக்கொரு மவுஸோடு பாடம் படிக்கும் முறையைப் பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் சோதித்ததும் இந்த அடிப்படையில்தான். பிறகு அது 'மல்டிபாயின்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. ஆனால் அதற்கென எழுதிய மென்பொருளுக்குள் மட்டுமே பல கர்சர்கள். வெளியே வந்தால் பழைய கதைதான்.

திரை முழுவதற்கும் பல கர்சர்களைக் கொண்டுவந்தது பீட்டர் ஹட்டரர் என்ற மென்பொருள் வல்லுநர் உருவாக்கிய எம்பிஎக்ஸ் என்ற ஏற்பாடு. லினக்ஸில் திரையையும் மவுஸ், கீபோர்டையும் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளின் 1.7 பதிப்பில், 2009இல் அது சேர்ந்தது. இதில் ஒவ்வொரு கர்சருக்கும் ஜோடியாக ஒரு கீபோர்டு உண்டு. அதனால் இருவர் ஒரே திரையில், வெவ்வேறு சாளரங்களில், ஒரே சமயத்தில் தட்டச்சு செய்யலாம். 'எக்ஸ்இன்புட்' கட்டளையால் புதிய ஜோடியை உருவாக்கி, வேண்டிய மவுஸை அதில் இணைத்தால் போதும்.

இரண்டாவது கர்சரை வரைவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உண்மையான தலைவலி பழைய மென்பொருள்கள்தான். ஒரு பொத்தானின் மேல் இரண்டு கர்சர்கள் நிற்கின்றன, ஒன்று விலகுகிறது. பொத்தானின் நிறம் மாற வேண்டுமா, கூடாதா? "கர்சர் எங்கே?" என்று ஒரு மென்பொருள் கேட்டால் எதைச் சொல்வது? ஒரே ஒரு பதிலைத்தான் அது எதிர்பார்க்கும். அதனால் எக்ஸ் சர்வர் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கர்சரை ஒதுக்கிவைத்து, கேட்டால் அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒட்டுவேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

எக்ஸுக்கு அடுத்து வந்த வேலண்டில் இதற்கு 'சீட்' என்ற ஏற்பாடு இருக்கிறது; ஒருவருக்கான மவுஸும் கீபோர்டும் சேர்ந்தது ஒரு சீட். ஸ்வே போன்ற சில டெஸ்க்டாப் சூழல்களில் பல சீட்களை அமைக்கலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்புகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன.