வெள்ளத்துக்கான வேலை ஏப்ரலில் தொடங்க வேண்டும்

பேரூராட்சி, நகராட்சி என்று உள்ளாட்சிப் பொறியாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கடலோர மாவட்டங்களில். 2011 தானே புயலையும் 2018 கஜா புயலையும் களத்தில் நின்று பார்த்தவன். அக்டோபர் வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது, "மோட்டார் எத்தனை இருக்கு, மணல் மூட்டை எத்தனை இருக்கு?" இந்தக் கேள்வி ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வருடமும் மனசு அடித்துக்கொள்ளும்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது, அது அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். ஒரு சிறுபாலத்தை அகலப்படுத்தணும் என்றால் இடத்தை அளந்து, எஸ்டிமேட் போட்டு, மன்றத்தில் தீர்மானம் வைத்து, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, வேலை உத்தரவு கொடுத்து, அதற்கப்புறம்தான் மண்ணில் கடப்பாரை இறங்கும். ஏப்ரலில் ஃபைல் நகர்ந்தால்தான் செப்டம்பரில் அந்தப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் போக வழி இருக்கும்.

நான் இருந்த ஒரு பேரூராட்சியில் இரண்டு தெரு மட்டும் வருடா வருடம் மூழ்கும். வடிகாலைத் தூர்வாரியதாகப் பதிவேட்டில் இருந்தது, தூர்வாரியதும் உண்மைதான். ஒரு கோடையில் டார்ச்சோடு சிறுபாலத்துக்குக் கீழே குனிந்து பார்த்தேன். இரண்டு சிமெண்ட் குழாயில் ஒன்று முழுக்க வண்டல். இன்னொன்றின் வாயில் குடிநீர்க் குழாயும் கேபிளும் குறுக்கே போக, அதில் தேங்காய் மட்டையும் பாட்டிலும் துணியும் சிக்கிச் சுவர் மாதிரி நின்றது. அள்ளிய சேற்றையோ கரையிலேயே குவித்து விட்டுப்போயிருந்தார்கள். முதல் மழைக்கே அது திரும்ப உள்ளே வந்துவிடும். குறுக்கே போன குழாயை மேலே தூக்கி மாற்றிய பிறகுதான் அந்தத் தெருக்களில் தண்ணீர் மூன்று நாளுக்குப் பதில் சில மணி நேரத்தில் வடிந்தது.

இன்னொன்று, ஏரி குளத்துக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்து வாய்க்கால். நில அளவைக்காரர்களின் புல வரைபடத்தில் இருக்கும், தரையில் இருக்காது. மேலே மனைப்பிரிவு வந்திருக்கும். ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். வயலாக இருந்தவரை கொஞ்சம் மண் குடித்தது, கொஞ்சம் வரப்புக்குள் நின்றது. இப்போது அத்தனையும் சிமெண்ட் தரையில் ஓடிப் பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குள் போகிறது. அதனால் ஒரு உள்ளாட்சி செய்யும் மிகப் பெரிய பேரிடர் வேலை கட்டட அனுமதி மேசையில்தான் நடக்கிறது என்பேன். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரின் பழைய நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பாய்ச்சுபவர்) ஒருவரோடு அரை நாள் நடந்தால் போதும், தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே திரும்பும் என்று அவர் கை நீட்டிக் காட்டுவார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரியைவிட அதிகம். அதற்கு எந்த வடிகாலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் மூழ்கப்போவது எந்தத் தெரு, அங்கே மாடியில்லாத வீடுகள் எத்தனை, படுத்த படுக்கையாக இருப்பவர் யார், பேறுகால நாள் நெருங்கிய பெண் யார் என்ற பட்டியல் வார்டு வாரியாகக் கையில் இருக்கலாமே. அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும். யாரும் உட்கார்ந்து எழுதி வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41வது பிரிவு உள்ளாட்சியின் கடமையை நேராகவே சொல்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி இருக்க வேண்டும், சாதனங்கள் எந்த நேரமும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், எல்லைக்குள் நடக்கும் கட்டுமானம் விதிப்படி இருக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டருக்கு அலைந்தோம். அப்போதுதான் உறைத்தது, ஜேசிபி, மரம் அறுக்கும் மெஷின், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் வாடகையைப் புயலுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும் என்று. இன்னொரு முறை நிவாரண முகாம் என்று குறித்திருந்த பள்ளிக்கு ராத்திரி ஜனங்களை அழைத்துப்போனால் கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில். கைக்குழந்தையோடு ஒரு அம்மா முக்கால் மணி நேரம் மழையில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதிலிருந்து இரண்டாவது சாவி, கழிப்பறைத் தண்ணீர் இரண்டையும் செப்டம்பரில் நானே போய்ப் பார்த்துவிடுவேன்.

நீங்கள் கிராம ஊராட்சியில் இருந்தால் மே 1 கிராம சபை இதற்குச் சரியான நாள். நகரத்தில் இருந்தால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபை. "எங்கள் தெரு சிறுபாலத்துக்கு எஸ்டிமேட் போட்டாச்சா? முகாம் சாவி யாரிடம்?" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். எழுத்தில் வந்த கோரிக்கையை வைத்துத்தான் என்னைப் போன்றவர்களால் எஸ்டிமேட்டை மேலே அனுப்ப முடிகிறது.