படுக்கையில் அப்பா, பக்கத்தில் அட்டெண்டர்: குடும்பத்தார் பார்க்க வேண்டியவை

வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறவர்கள் ஏஜென்சிக்கு போன் போட்டதும் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். மாதம் எவ்வளவு, எப்போது ஆள் வரும். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள், அப்பாவுக்கு மூக்கில் டியூப் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த அவசரத்தில் வேறென்ன கேட்கத் தோன்றும்? சென்னையில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். என்னைக் கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள் என்பேன்: "நீங்கள் அனுப்பும் ஆளின் வேலையை யார் வந்து பார்ப்பார்கள்? எத்தனை நாளைக்கு ஒருமுறை?"

ஆஸ்பத்திரி வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார், டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், பக்கத்துக் கட்டில்காரரின் மகள்கூட எதையாவது கவனித்துச் சொல்லிவிடுவார். வீட்டில் இதெல்லாம் கிடையாது. வாய்விட்டுச் சொல்ல முடியாத நோயாளி, ஒரு அட்டெண்டர், சாத்திய கதவு, அவ்வளவுதான். அட்டெண்டர் தங்கமான ஆளாகவே இருக்கட்டும். அவர் செய்வது சரியா என்று பார்க்க ஆளில்லை என்றால், சின்னத் தவறு வாரக்கணக்கில் அப்படியே தொடரும். "சூப்பர்வைசர் போனில் பேசுவார்" என்று சொல்லும் ஏஜென்சியை நான் நம்புவதில்லை. முதுகுப் புண் போனில் தெரியாது.

வருகிறவர் யார் என்பதும் தெரிய வேண்டும். பி.எஸ்சி. நர்ஸிங் அல்லது ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) முடித்தவர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள், அல்லது செய்து செய்து பழகியவர்கள். குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, பிடித்து நடக்க வைப்பது என்று அன்றாட வேலைகளில் நல்ல அட்டெண்டருக்கு ஈடு கிடையாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அட்டெண்டர் சம்பளத்தைப் பேசிவிட்டு நர்ஸ் வேலையை வாங்கும்போது. ஊசி போடச் சொல்வது, யூரின் டியூப் மாற்றச் சொல்வது, தொண்டையில் துளை போட்டவருக்குச் சளி உறிஞ்சச் சொல்வது. இதைச் செய்வது ஏஜென்சி மட்டுமல்ல, குடும்பமும்தான்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. சின்னக் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் (பேனா போன்ற ஊசிக் கருவி) போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. ஒரு வீட்டில் பேனா மக்கர் செய்தது. அட்டெண்டர் கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்திச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார். உள்ளே போனது 25 யூனிட். அம்மா இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று எல்லோரும் படுத்துவிட்டார்கள். விடிகாலையில் எழுப்பினால் எழவில்லை, உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு சிரிஞ்சைப் பயன்படுத்தினால் பத்துக்கு நாலுதான் போகும். சர்க்கரை இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே இருப்பார், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு வந்ததும் ஆபத்து வரும்.

"ஊசி போடத் தெரியுமா?" என்று கேட்டால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். வேலை போய்விடுமே. அதனால் தெரியுமா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதை முதல் நாளே பக்கத்தில் நின்று பாருங்கள். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தினாரா? டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாரா? கொடுத்து முடித்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவினாரா? அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே வைத்திருந்தாரா? மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவராக இருந்தால், எதையெல்லாம் பொடிக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

அடுத்து, முதுகு. ஒரு சேவையின் தரத்தை என்னை ஒரே ஒரு இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் நோயாளியைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பேன். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், பின்மண்டை, காது மடல். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. பாடப் புத்தகம் சொல்லும் இந்தச் சிவப்பு நம்மில் கருத்த தோல்காரர்களிடம் கண்ணுக்கே தெரியாது. அங்கே சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் மட்டும் கூடுதலாகக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருக்கும் இடத்தில் தேங்காயெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கூடாது, உள்ளே திசு இன்னும் சேதமாகும். டயர் டியூப் மாதிரி நடுவில் ஓட்டையுள்ள வளையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம்.

ஏர் பெட் (மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் மெத்தை) வாங்கியாயிற்று, இனிப் புண் வராது என்ற நம்பிக்கையும் தப்பு. ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். எழ முடியாதவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நாங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் அணைத்துவிடுகிறார்கள். பெட்டுக்கு மேலே ரப்பர் ஷீட், அதற்கு மேல் மடித்த போர்வை என்று அடுக்கினாலும் காசு கொடுத்து வாங்கிய பலன் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. மாலை வீடியோ காலில் அப்பாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, விபூதி பூசி உட்கார வைத்துக் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அறையில் கேமரா வைத்தாலும் அது முன்பக்கத்தைத்தான் காட்டும். (வைப்பதென்றால் அட்டெண்டரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். உடை மாற்றும் இடத்தில் வேண்டாம்.) வாரத்துக்கு ஒருமுறை அத்தையோ சித்தப்பாவோ, நம்பகமான ஒருவர், குளிப்பாட்டும் நேரத்தில் சொல்லாமல் போய் நிற்கட்டும். மணிக்கட்டில் துண்டால் கட்டிய தடம் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். பகலெல்லாம் மயக்கமாகவே இருக்கிறார் என்றால் தூக்க மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். காய்ச்சல், சர்க்கரை, தலையில் அடி என்று மயக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதனால் பழி போடும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். எத்தனை மணிக்கு உணவு, எந்தப் பக்கம் திருப்பியது, யூரின் எத்தனை மில்லி, மலம் போனாரா, பி.பி., சர்க்கரை. ஆள் மாறும்போது அடுத்தவருக்கு இருக்கும் ஒரே கைகாட்டி அதுதான். அந்த நோட்டைப் படிக்கவும் தெரிய வேண்டும். தினமும் பி.பி. 120/80, யூரின் எப்போதும் 500, ஒரே பேனாவில் ஒரே சாய்வில் முழுப் பக்கம் என்றால் டியூட்டி முடியும் நேரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. உண்மையான நோட்டு கோணல்மாணலாக இருக்கும், நடுவில் கஞ்சிக் கறைகூட இருக்கும்.

ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. பூஜை அலமாரி அங்கே இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

இன்னொரு விஷயம், பலருக்குக் கசக்கும். 24 மணி நேர டியூட்டி என்று ஒருவரை வைத்துவிட்டு அவர் இரவில் தூங்கினார் என்று குற்றம் சொல்கிறோம். இரவில் நாலு முறை திருப்பிப் போட வேண்டிய நோயாளிக்கு ஒரு ஆள் போதாது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். முடியவில்லை என்றால் இரவில் வீட்டாரும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது கிலோ ஆளை ஐம்பது கிலோ பெண் தனியாகத் தூக்கினால் இருவருக்கும் அடிபடும். நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது, வார விடுமுறை உண்டா, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். ஆள் அடிக்கடி மாறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர் என்றால் "மூச்சு முட்டுது", "நெஞ்சு வலிக்குது", "ஒண்ணுக்கு வருது" போன்ற பத்துப் பதினைந்து சொற்களை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. நோயாளி வயதானவர் என்பதற்காக அட்டெண்டர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆதார் நகலோடு நிறுத்திக்கொள்ளாமல், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகப் பின்புலச் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். செலவு தாங்காதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்களா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கட்டணம் கிடையாது.

ஏதாவது தவறு நடந்துவிட்டால் முதலில் டாக்டர், அப்புறம்தான் சண்டை. புண்ணைத் தேதியோடு படம் எடுங்கள். ஏஜென்சிக்கு போனில் கத்துவதைவிட வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடித்தது, பட்டினி போட்டது போன்ற கொடுமை என்றால் முதியோர் உதவி எண் 14567, அதோடு உள்ளூர் காவல் நிலையம். நோட்டின் பக்கங்களை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும் நாளில் நோட்டும் சேர்ந்து காணாமல் போவது வழக்கம்.